உன் அப்பாவின் சாக்ஸை நான் கழற்றிய பிறந்தநாள்

சாமு, அப்பாவின் பிறந்தநாளன்று சாப்பிடாமல் காரில் ஏறிச் சென்னைக்குப் போன நீ, அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய் என்று தெரியும். உன் பெயர் போனில் வந்தவுடன் அவர் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அவர் சிரிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பேசி முடித்து உள்ளே வந்து, "உன் பையன் நல்லா இருக்கானாம்" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பாதியில் வெட்ட முடியாது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனால் சபையில் பெண்கள் கூட்டத்துக்கு அறிக்கை எழுதிப் படிக்கிறவள் இன்றைக்கும் நான்தான். எனக்கு எழுத வராது என்று இந்த ஆம்பூரில் ஒருவரும் சொன்னது கிடையாது. எழுதி முடித்ததும் எதிர்வீட்டுப் பெண் இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அவள் படித்தால் படிக்கட்டும். உன் பெண்டாட்டி பிரேமாவும் படிக்கட்டும், என் பேத்தி ஷைனியும் படிக்கட்டும். மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"நல்ல நாளும் அதுவுமா, அத்தனை பேருக்கு முன்னால அப்பாவை அசிங்கப்படுத்திட்டியேம்மா" என்று சொன்னாய். அந்த வார்த்தையைத்தான் நான் இத்தனை நாளாகச் சமைக்கும்போதும் படுக்கும்போதும் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் பிறந்தநாள் என்றால் என்ன என்று உனக்கு மறந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டேனரியில் உன் அப்பாவுக்குத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை என்பது உனக்குத் தெரிந்ததுதான். பதனிட்டுக் காய்ந்து வந்த தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தலையிலிருந்து வால் வரைக்கும் தடவி, இருக்கிற குறையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். உண்ணிக்கடி, முள்ளுக் கீறல், அம்மைத் தழும்பு, கத்தி வெட்டு. எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அது முதல் நம்பரா, ரெண்டா, மூணா என்று தீர்ப்பு. குறையே இல்லாத தோலை இதுவரைக்கும் பார்த்ததில்லை என்பார். நீ முதன்முதலாக, பக்கத்துத் தெரு வீட்டில் பலூன் கட்டிக் கேக் வெட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுத வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பேக்கரியில் சின்னதாக ஒரு கேக் வாங்கினோம். அதை வெட்டுவதற்கு முன்னால் அப்பா உன் சட்டையைக் கழற்றி முக்காலியில் ஏற்றி நிறுத்தினார். அவரோடு வேலை செய்த கபூர் பாயும் வந்திருந்தார். அப்பா உன் முதுகை உள்ளங்கையால் தடவிக்கொண்டே டேனரியில் கத்துகிற மாதிரியே கத்தினார்.

"முட்டியில சைக்கிள் கீறல் ஒண்ணு. காதுக்குப் பின்னால அழுக்கு, ஜாஸ்தி. கணக்குல பெரிய ஓட்டை. வாயில பொய்யி, அது எண்ண முடியாது. இன்னா பாய், இதை எந்தக் கட்டுல போடறது?"

கபூர் பாய் தாடியைத் தடவி யோசித்தார். "பேஜாரா இருக்கே ஆசீர். மூணாம் நம்பர்னாகூட எவனும் வாங்க மாட்டான்."

உன் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து அப்பா உன் முதுகில் தட்டி, "முதல் நம்பர்!" என்று கூவினார். நீ சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்து சளி வந்துவிட்டது. அன்றையிலிருந்து நம் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், ஜெபம் முடிந்ததும் தரம் பிரிப்புத்தான். அதற்கு ஒரு சட்டமும் அவரே போட்டார். சொல்லுகிற குறை எதுவானாலும் பிறந்தநாள்காரர் எதிர்த்துப் பேசக் கூடாது. "ஒத்துக்கிறேன்" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் கேக். பிரேமா கல்யாணமாகி வந்த வருஷம் அவளையும் நிறுத்தினார். புதுப் பெண், தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். "காபியில சக்கரை கம்மி, பேச்சுல அதைவிடக் கம்மி, புருஷனைத் திட்டுறதே இல்லை, அது பெரிய குறை" என்றார். ஒவ்வொன்றுக்கும் "ஒத்துக்கிறேன் மாமா, ஒத்துக்கிறேன் மாமா" என்றவள், முதல் நம்பர் என்றதும் அழுதுவிட்டாள். நான் பயந்துபோய் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "எங்க வீட்ல யாரும் என்னை இப்படி உத்துப் பார்த்ததே இல்லை அத்தை" என்றாள். உற்றுப் பார்க்கிறதுதான் அது, சாமு. கேலி அதற்கு மேலே போட்ட சட்டை.

இப்போது காலுக்கு வருகிறேன். மழை விட்ட சமயத்தில் அப்பாவின் வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்தது. சுகர் இருக்கிற கால், மரத்துப்போன கால். எங்கே இடித்தது, எது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "தோலைப் பத்தி எனக்கு டாக்டர் சொல்லணுமா? எவ்வளவு தோலை இந்தக் கை பதம் பார்த்திருக்கு" என்றார். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி வந்தார். டேனரியில் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க கடுக்காயும் ஆவாரம் பட்டையும் ஊறிய தண்ணீரில்தானே அந்தக் காலத்தில் போடுவார்கள். அதே மாதிரி தன் காலை ஒரு பிளாஸ்டிக் டப்பில் அந்தத் தண்ணீர் ஊற்றித் தினம் ஊறப்போட்டார். துடைத்துவிட்டு வெயிலில் நீட்டிக்கொண்டு உட்காருவார். புண் வாய் மூடியது. மேலே கறுப்பாக, கெட்டியாக, செருப்புத் தோல் மாதிரியே ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டு விரலால் தட்டிக் காட்டினார். "பார்த்தியாம்மே, நல்லாப் பதம் வந்திருக்கு."

நானும் நம்பினேன். ஏன் பொய் சொல்லவேண்டும்? இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வீட்டில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். செத்த மாட்டின் தோல் மேலே காய்ந்தால் உள்ளேயும் காயும். உயிரோடு இருக்கிற கால் மேலே காய்ந்தால் உள்ளே என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வாடை வர ஆரம்பித்தது. நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உன் அப்பாவின் சட்டையில், தலையணையில், ஏன், அவர் போட்டுக் கழற்றிய பனியனில்கூட தோல் வாடைதான். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் மழைக்காலத்தில் அவர் பெட்டியைத் திறந்தால் அது வரும். எனக்கு அது வாடையாகவே தெரியாது. வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று மட்டும்தான் தெரியும். அதனால் போர்வையில் அந்த நாற்றம் வந்தபோது, பழைய வாடைதான், ஈரத்துக்குக் கிளம்புகிறது என்று துவைத்துப் போட்டேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துவைத்தேன். ஒருநாள் அவர் தூங்கும்போது குனிந்து காலிடம் முகத்தை வைத்தேன். அப்போதுதான் அது தோல் வாடை இல்லை, கால் உள்ளே அழுகுகிறது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அவரிடம் சொன்னேன். "என் கால் இப்போ மூணாம் நம்பர், எக்ஸ்போர்ட் ஆகாது, லோக்கல் மார்க்கெட்டுக்குப் போதும்" என்று சிரித்தார். கபூர் பாயிடம் சொன்னேன். அவர் வந்து கேட்டார். பாயையும் சிரிக்கவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். உனக்கும் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? "அப்பா கால்ல புண்ணுடா, நீ கேளு" என்றேன். நீ கேட்டாய். கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். "செருப்பு கடிச்சுதுடா, ஷூ கம்பெனியில வேலை செய்றவன் அப்பனுக்கு ஒரு நல்ல செருப்பு இல்லை, எழுதி ஒட்டு உங்க ஆபீஸ் வாசல்ல" என்றார். நீ சிரித்தாய். புண் அங்கேயே மறைந்துவிட்டது. அவர் அப்படித்தான். நாம் ஒன்றைக் கேட்கப் போவோம். சிரித்துக்கொண்டே திரும்பி வருவோம். எதைக் கேட்கப் போனோம் என்பது தெருமுனையில்தான் ஞாபகம் வரும்.

நீயோ, அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, எழுபதாவது பிறந்தநாளுக்கு உன் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற ஷூவில் ஒரு ஜோடி கொண்டுவந்தாய். பெட்டியைத் திறந்து மெல்லிய தாளை விலக்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. மேல்தோலைத் தடவி, "கன்னுக்குட்டி. முதல் நம்பர்டா" என்றார். நீ காலில் போடச் சொன்னாய். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாக்ஸ் போட்டிருந்த காலை அப்படியே அதற்குள் நுழைத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் இங்கேயும் அங்கேயும் நடந்து காட்டினார். கால் மரத்துப்போனதால் வலிக்கவில்லை. வலித்திருந்தாலும் நடந்திருப்பார், நீ பார்த்துக்கொண்டிருந்தாயே.

அந்த நேரத்தில்தான் ஷைனி என் புடவையைப் பிடித்து இழுத்து, "ஆயா, தாத்தாகிட்ட ஏதோ நாறுது" என்றாள். நீ கேட்டுவிட்டாய். கண்ணை உருட்டி, "ஏய், தாத்தா வீட்ல வந்து அப்படிப் பேசுவியா? அந்த நாத்தத்துலதான்டி உங்கப்பன் படிச்சான்" என்று அதட்டினாய். அவள் முகம் சுருங்கிப்போனது. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்கூலில் உன்னைத் "தோலு" என்று கூப்பிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்ட பையன்களை நீ இன்னும் மறக்கவில்லை. ஆனால் குழந்தை சொன்னது டேனரியை இல்லை, சாமு. அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் அவளுக்கு ஒருத்திக்குத்தான் மூக்கு வேலை செய்தது. நாங்கள் எல்லாம் பழகிப்போனவர்கள், நீ கோபக்காரன். என் பேத்தி கெட்டிக்காரி. அதை அவளிடம் நீயே சொல்லவேண்டும், திட்டின அதே வாயால்.

ஜெபம் முடிந்தது. பாய் வீட்டுப் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தரம் பிரிக்க ஆரம்பித்தீர்கள். நீ நன்றாகத்தான் சொன்னாய், நானும் சிரித்தேன். "குறட்டை, பள்ளிகொண்டா வரைக்கும் கேட்கும். டிவி ரிமோட்டுக்கு மேல உட்கார்ந்துக்கிட்டு ரிமோட்டைத் தேடறது. பேத்திகிட்ட சீட்டாட்டத்துல கள்ள ஆட்டம்."

"ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன், மூணாவதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

"சட்டம் இன்னா ஆசீர்?" என்றார் கபூர் பாய்.

"சரி, ஒத்துக்கிறேன். அழுதுகிட்டே ஒத்துக்கிறேன்."

பிரேமா சொன்னாள், பாய் சொன்னார். ஷைனி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று பிரேமாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். கடைசியில் என்னிடம் திரும்பினார்கள். எப்போதும் நான் "இந்தச் சரக்கை நான் எப்பவோ ரிஜெக்ட் பண்ணிட்டேன், எடுத்துக்கிறவங்க யாரும் இல்லை" என்பேன், எல்லாரும் கைதட்டுவார்கள். அன்றைக்கும் அதைத்தான் எதிர்பார்த்தார். சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாயைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. வருஷம் முழுக்க இந்த மனிதர் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்றைக்கு ஒருநாள், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும், அவர் போட்ட சட்டப்படி அவர் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இது போனால் அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் அந்தக் கால் இருக்குமா?

குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தேன். "ஏ, இன்னாம்மே பண்ற?" என்று காலை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. ஷூ வந்தது. சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது, தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரித்தேன். கறுத்த தோல் ஒரு பக்கம் பிளந்து, உள்ளே இருந்தது வெளியே வந்தது. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அதை நான் எழுதத் தேவையில்லை. "இது நான் சொல்ற குறை. ஒத்துக்குங்க" என்றேன்.

அவர் தன் காலையே பார்த்தார். அப்படி நேராக அதை அவர் அதுவரைக்கும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ரிஜெக்ட் பண்ணிட்டாடா உங்கம்மா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் சொன்னதற்கு வீட்டில் ஒருவரும் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நீ கத்தினாய். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னேன் என்றதும் இன்னும் சத்தமாகக் கத்தினாய். ஷூவை எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ என்மேல் கோபப்படவில்லை. நீ கொண்டுவந்த ஷூவுக்குள் அந்தக் கால் இருந்ததை உன்னால் தாங்க முடியவில்லை. கண்ணு, அந்த ஷூவால் வந்ததில்லை அது. நீ கொடுத்தது பாசம். அவர் போட்டு நடந்ததும் பாசம். இரண்டும் சேர்ந்து ஒரு புண்ணை மூடி மறைத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு நீ பட்டினியாகப் போயிருக்க வேண்டாம்.

அடுத்த நாளே நானும் கபூர் பாயும் அவரை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இது நீ அறிந்ததுதான். ஆனால் அவர் உன்னிடம் எப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. "சின்ன ஆபரேஷன், அவசரமில்லை" என்று சொல்லியிருப்பார். டாக்டரம்மா சொன்னது அது இல்லை. எலும்பு வரைக்கும் போய்விட்டது. இப்போதே செய்தால் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போகும், கால் நிற்கும். தள்ளிப்போட்டால் முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டி வரும், அதற்கும் மேலே விஷம் ஏறினால் ஆள் பிழைப்பதே கஷ்டம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வியாழக்கிழமை சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "என் பையன் சென்னையில பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்னு சொல்லியிருக்கான். அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்.

நீ சொன்னது உண்மைதான். காரில் ஏறும்போது, "அப்பா, ஷூ ஆர்டர் கொடுக்கிற பையர் வந்துட்டுப் போகட்டும், நானே வந்து சென்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் அவருக்கு அது ஒளிந்துகொள்ள இடமாகிவிட்டது. யார் கேட்டாலும் சென்னை, சென்னை என்கிறார். அந்த வெளிநாட்டுக்காரன் வருகிற தேதி தள்ளிப் போகிறது என்று நீ போனில் சொன்னால், என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்லுகிறார். பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஓடிவந்து நீ சொல்லுவாயே, அந்த மாதிரி.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்தச் சிரிக்கவைத்து நழுவுகிற வேலை உன்னிடமும் இருக்கிறது. பிரேமா உன் பிரஷரைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ அவள் சாம்பாரைப் பற்றி ஜோக் அடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் குறை சொல்லவில்லை, நான் பார்த்தது. உன் அப்பாவின் கேலி எவ்வளவு நல்லது என்று இந்த வீட்டில் என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. வேலை இல்லாமல் டேனரி மூடிக்கிடந்த நாட்களில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னைச் சிரிக்கவைத்தவர் அவர். அந்தச் சிரிப்பில்தான் உன்னை வளர்த்தேன். நீயும் சிரிக்கவை, ஷைனியைச் சிரிக்கவை. ஆனால் ஒருத்தி உன் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் சிரிக்கவை.

நேற்றுக் கபூர் பாய் வந்தார். சிரிக்கக் கூடாது என்று வாசலிலேயே என்னிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டார், "ஆசீர், இவ்ளோ வருஷம் நீயும் நானும் தோஸ்து. ஒண்ணு கேக்கறேன். ஒரு தோலுல ஓரம் அழுகிப்போச்சுன்னா நாம இன்னா பண்ணுவோம்? முழுத் தோலையும் குப்பையில போடுவோமா?"

"வெட்டுவோம்."

"வெட்டிட்டு?"

"மீதியை எடுத்து வைப்போம்."

"அப்புறம் இன்னா? ரெண்டு விரலு ஓரம்தானே? வெட்டிப் போடு. மீதி நல்ல சரக்கு. நான் வாங்கிக்கிறேன்."

பாய்க்குத் தான் சரியாகப் பேசிவிட்டோம் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. இதற்கு ஒரு நக்கல் வரும், வந்தாலும் பரவாயில்லை, அதோடு ஒத்துக்கொள்ளுவார் என்று காத்திருந்தேன். அப்பா குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தோலுக்குத் தெரியாது பாய், வெட்டறாங்கன்னு" என்றார். பாய் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை இன்று எழுதுகிறேன், சாமு. உன்னோடு வழக்குப் பேச இல்லை. வியாழக்கிழமை நான் அவரை ஆட்டோவில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோகப் போகிறேன். வர மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாலும் கொண்டுபோவேன். ஆனால் நான் இழுத்துக்கொண்டு போவதும் நீ கூடவந்து போவதும் ஒன்று இல்லை. சென்னை டாக்டர் வேண்டாம் என்று நீயே அவரிடம் சொல்லவேண்டும். அந்த வாசலை நீதான் திறந்து வைத்தாய், நீதான் மூடவேண்டும். போனில் சொன்னால் அவர் உன்னைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். எதிரில் நின்று சொல். பையர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பான், சொன்னால் புரிந்துகொள்ளுவான். என்மேல் உள்ள கோபத்தோடேயே வா. என்னோடு பேசாமலேயே சாப்பிடு. தட்டு வைக்கிறேன், கை கழுவிவிட்டு உட்கார், அது போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"இன்னாம்மே, காலையிலிருந்து எழுதிக்கிட்டே இருக்க? சபை அறிக்கையா?"

"உங்க பையனுக்கு."

"கால் பத்தியா?"

"கால் பத்தித்தான். டாக்டரம்மா சொன்னது, பாய் சொன்னது, நீங்க சொன்னது, எல்லாத்தையும்தான் எழுதறேன்."

ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "எழுதிக்கோ. ஆனா நான் பயப்படறேன்னு மட்டும் எழுதாதம்மே. சின்னப் பையன் அவன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். உன் அப்பா பயப்படுகிறார், சாமு. புறப்பட்டு வா.